பிறந்தநாள் குறிப்பேடு: 28 பக்கங்கள், 19 முறை ஒரே வரி. திரும்ப எழுதவா, அடித்துவிடவா?

குறிப்பேடு

அடுத்த ஞாயிறு எனக்கு 50 வயது நிறைகிறது. வாழ்த்துக்காக இதை எழுதவில்லை. ஒரு விஷயம் பத்து நாளாக மனதை அரித்துக்கொண்டே இருக்கிறது. இங்கே பல வயதுக்காரர்கள் இருப்பதால் கேட்கிறேன்.

22 வயதில் ஒரு பழக்கம் ஆரம்பித்தேன். பிறந்தநாள் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, வரும் வருடத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்று ஒரு நோட்டில் எழுதுவேன். வருடத்துக்கு ஒரு பக்கம். இன்று வரை அதே நோட்டுதான். அட்டை இரண்டு முறை பிய்ந்து ஒட்டியிருக்கிறேன். எழுதுவேனே தவிர, பின்னால் புரட்டிப் பார்த்தது கிடையாது. போன வாரம்தான் முதல் பக்கத்திலிருந்து உட்கார்ந்து படித்தேன்.

முதல் பக்கத்தில் 14 இலக்குகள். எல்லாமே நான் என்ன ஆக வேண்டும் என்பதைப் பற்றியவை. 35 வயதுக்கு மேல் எண்ணிக்கை ஏழு, ஐந்து என்று குறைகிறது. 48இல் இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று மகளோடு வாரம் ஒரு முறையாவது நடக்கப் போக வேண்டும் என்பது.

'நீச்சல் கற்றுக்கொள்ள வேண்டும்' என்ற வரி 27 வயதில் முதலில் வருகிறது. அதற்குப் பிறகு நான்கு வருடம் தவிர எல்லா வருடமும் இருக்கிறது. எண்ணிப் பார்த்தேன், 19 முறை. பேனா மை மாறியிருக்கிறது, கையெழுத்து மாறியிருக்கிறது, வரி மட்டும் அப்படியே இருக்கிறது. ஒரு முறைகூட நான் நீச்சல் குளத்துக்குப் போய் விசாரித்ததில்லை.

என்னை அதைவிடத் தொட்ட இன்னொரு பக்கம் உண்டு. 31 வயதுப் பக்கத்தில் ஒரே வரி: 'அப்பா வீட்டுக்கு வர வேண்டும்.' அப்போது அவர் மருத்துவமனையில் இருந்தார். வந்தார். அதற்குப் பிறகு 11 வருடம் எங்களோடு இருந்தார். ஆனால் 32 வயதுப் பக்கத்தில் அதைப் பற்றி ஒரு சொல் இல்லை. புதிதாக ஒன்பது இலக்குகள், அவ்வளவுதான். கேட்டது கிடைத்தபோது அதைக் குறித்து வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

ஞாயிறு இரவு என்ன எழுதுவது? நீச்சலை இருபதாவது முறை எழுதவா, இல்லை அடித்துவிடவா? 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா' என்று அண்ணன் ஒரே வரியில் முடித்துவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

மழைக்காலம்

அண்ணா, நான் உங்கள் பட்டியலின் முதல் பக்கத்துக்குப் பக்கத்தில் இருப்பவன். நான்கு மாதத்தில் 30 ஆகிறது. 30க்குள் முடிக்க வேண்டியவை என்று 24 வயதில் கைபேசியில் ஒரு பட்டியல் போட்டேன். பதினொன்றில் மூன்று முடிந்திருக்கிறது. இரவில் அதைத் திறந்து பார்த்துவிட்டால் தூக்கம் போய்விடுகிறது. கூடப் படித்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிட்ட மாதிரியும், எனக்கு மட்டும் நாள் எண்ணப்படுகிற மாதிரியும் இருக்கிறது.

19 முறை எழுதியதை நீங்கள் குறையாகச் சொல்கிறீர்கள். அவ்வளவு வருடம் ஒரு ஆசையை விடாமல் வைத்திருந்தது எனக்கு ஆறுதலாக இருந்தது.

---

தூரப்பார்வை

மழைக்காலம், 29இல் வருகிற இந்தப் பதற்றம் உங்களுக்கு மட்டும் வருவதில்லை. ஆடம் ஆல்டர், ஹால் ஹெர்ஷ்ஃபீல்டு என்ற இருவர் 2014இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். 29, 39, 49 என்று ஒன்பதில் முடிகிற வயதில் மனிதர்கள் தங்கள் வாழ்க்கைக்கு என்ன அர்த்தம் என்று அதிகமாகக் கேட்டுக்கொள்கிறார்கள் என்றும், முதல் மராத்தான் ஓடுபவர்களில் இந்த வயதுக்காரர்கள் கூடுதலாக இருக்கிறார்கள் என்றும் சொன்னார்கள். கணக்கிட்ட முறை சரியில்லை என்று அடுத்த வருடமே மறுப்பும் வந்தது. அதனால் அதை வேதவாக்காகப் பிடித்துக்கொள்ள வேண்டாம்.

அதே 2014இல் ஹெங்சென் டாய், கேத்ரின் மில்க்மன், ஜேசன் ரீஸ் மூவரும் செய்த ஆய்வு எனக்கு இன்னும் பயனுள்ளதாகப் படுகிறது. வாரத் தொடக்கம், மாதத் தொடக்கம், பிறந்தநாள் போன்ற நாட்களுக்குப் பிறகு ஒரு பல்கலைக்கழக மாணவர்கள் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போவது கூடியது. 21ஆவது பிறந்தநாள் மட்டும் விதிவிலக்கு. அந்த நாட்கள் பழைய சறுக்கல்களை 'அது அப்போதைய நான்' என்று தள்ளி வைக்க உதவுகின்றன என்பது அவர்கள் விளக்கம்.

இதில் எனக்குத் தெரிகிற ஆபத்து, அந்த வேகம் சீக்கிரம் வடிந்துவிடும். பிறந்தநாள் இரவு எழுதும்போது மனதில் இருக்கிற தெம்பு மூன்றாவது வாரத்தில் இருப்பதில்லை. குறிப்பேடு அண்ணாவின் 19 வரிகளுக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். எழுதிய இரவிலேயே ஒரு நிம்மதி கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியே போதுமானதாகிவிட்டது.

---

நாலாண்டு

நான் பிப்ரவரி 29இல் பிறந்தவள். சின்ன வயதில் அது பெரிய ஏக்கம். எல்லோருக்கும் வருடா வருடம் வரும், எனக்கு வராது. 28ஆம் தேதியா மார்ச் 1ஆம் தேதியா என்று வீட்டில் ஒவ்வொரு முறையும் பேச்சு நடக்கும்.

வளர்ந்த பிறகு அதுவே எனக்கு வசதியாகிவிட்டது. என் இலக்குகளை நான்கு வருடத்துக்கு ஒரு முறைதான் எடுத்துப் பார்ப்பேன். கடைசியாக 2024. அடுத்தது 2028. ஒரு வருடத்தில் முடியாதது தோல்வி என்று எனக்குத் தோன்றியதே இல்லை, ஏனென்றால் ஒரு வருடத்தில் யாரும் என்னிடம் கணக்குக் கேட்டதில்லை. 2016இல் எழுதிய ஒரு மொழிப் படிப்பு 2020இல் பாதியில் இருந்தது, 2024இல் அந்த மொழியில் கடிதம் எழுதுகிற நிலைக்கு வந்திருந்தது. வருடா வருடம் பார்த்திருந்தால் 2018இலேயே விட்டிருப்பேன்.

மழைக்காலம் தம்பி, அந்தப் பட்டியலை 30க்குள் என்று போட்டது யார்? 24 வயதில் இருந்த நீங்கள். வேலை, வீடு, உடம்பு எதைப் பற்றியும் இன்று தெரிந்தது அவருக்குத் தெரியாது. அவர் போட்ட கெடுவுக்கு இவ்வளவு பயப்பட வேண்டாம்.

---

கறார்

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். பிறந்தநாளையும் இலக்கையும் சேர்த்து முடிச்சுப் போடுவதே தவறு என்பது என் கருத்து.

என் சான்றிதழில் இருக்கிற தேதி என் பிறந்தநாள் இல்லை. பள்ளியில் சேர்த்த அன்று எழுதிக்கொடுத்த தேதி அது. உண்மையான தேதி யாருக்கும் தெரியாது. மழை பெய்த ஒரு புதன்கிழமை என்பது மட்டும்தான் அம்மாவுக்கு நினைவிருந்தது. நான் எந்த நாளில் உட்கார்ந்து வாழ்க்கையை எடை போட வேண்டும்?

ஃபௌஜா சிங் என்ற ஓட்டக்காரரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். மகனை இழந்த துக்கத்திலிருந்து மீள ஓடத் தொடங்கியவர். 2000இல் லண்டனில் முதல் மராத்தான், அப்போது 89 வயது. 2011 அக்டோபரில் டொராண்டோவில் 100 வயதில் 8 மணி 11 நிமிடத்தில் மராத்தானை முடித்தார். பிறப்புச் சான்றிதழ் இல்லை என்பதால் கின்னஸ் அதைச் சாதனையாகப் பதியவில்லை. அவர் கடவுச்சீட்டில் 1911 ஏப்ரல் 1 என்று இருந்தது, அது போதவில்லை. எண் உறுதியாகத் தெரியாமல் இருக்கலாம். அந்த 42 கிலோமீட்டரும் அவர் கால் ஓடிய தூரம்தானே? அதில் யாருக்குச் சந்தேகம்?

வயதை வைத்து இலக்கு போட்டால் இரண்டு பக்கமும் அடி. இளையவர்களுக்குப் பதற்றம், மூத்தவர்களுக்கு 'இனி எதற்கு' என்ற சோர்வு. நீச்சல் பிடித்திருந்தால் நாளை காலையே போகலாம். ஞாயிறு வரை ஏன் காத்திருக்க வேண்டும்?

---

தூரப்பார்வை

> நாளை காலையே போகலாம்

இந்த வரியை முழுமையாக ஏற்கிறேன். தொடங்குவதற்கு நாள் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் நின்று பார்ப்பதற்கு ஒரு நாள் வேண்டும் என்றே நினைக்கிறேன். அப்படி ஒரு நாள் இல்லாமல் போனால் பத்து வருடம் ஓடியது தெரியாது. உங்களுக்கு அது எந்த நாளாகவும் இருக்கலாம்.

வயதாக ஆக வருடங்கள் வேகமாக ஓடுவதாகத் தோன்றுவதற்கு பால் ஜானே என்ற பிரெஞ்சுத் தத்துவவாதி 1877இல் ஒரு விளக்கம் சொன்னார். பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு வருடம் என்பது அதன் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்கு. ஐம்பது வயதுக்காரருக்கு ஐம்பதில் ஒரு பங்கு. இது மட்டுமே காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரே மாதிரி நாட்கள் நினைவில் ஒட்டுவதில்லை என்பதும் சேர்ந்திருக்கிறது. குறிப்பேடு அண்ணாவிடம் 28 பக்கங்கள் இருப்பதால்தான் அந்த வருடங்கள் தனித்தனியாக நிற்கின்றன.

---

வாசல்மரம்

இந்த இழையை இரண்டு நாளாகப் படிக்கிறேன். எழுதலாமா வேண்டாமா என்று இருந்தது.

என் கணவருக்கும் எனக்கும் பிறந்தநாள் மூன்று நாள் இடைவெளியில். இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரு மாலையில் உட்கார்ந்து அந்த வருடத்தைப் பேசுவோம். நோட்டு எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். எங்கள் இலக்குகள் எல்லாமே 'நாம்' என்றுதான் தொடங்கும். நான்கு வருடத்துக்கு முன் அவர் போய்விட்டார். அடுத்த இரண்டு பிறந்தநாளும் நான் கைபேசியை அணைத்து வைத்திருந்தேன். வாழ்த்துச் சொல்ல அழைப்பவர்கள்மேல் கோபம் இல்லை. அந்த நாளை எப்படிக் கடப்பது என்று தெரியவில்லை, அதுதான்.

இங்கே இலக்கை அடிப்பது, எழுதுவது என்று பேசுகிறீர்கள். என்னிடம் இருந்தவை என்னைக் கேட்காமலே அடிபட்டுப் போனவை. ஓய்வுக்குப் பிறகு போக நினைத்த ஊர்கள், சேர்ந்து கற்க நினைத்தவை, எல்லாம். அவை அழிந்ததற்காகத் தனியாக ஒரு முறை அழ வேண்டியிருந்தது. அவர் இறந்ததற்கு அழுதது வேறு.

மூன்றாவது வருடம், 57 வயதில், கார் ஓட்டக் கற்றுக்கொள்வது என்று முடிவு செய்தேன். எப்போதும் அவர்தான் ஓட்டுவார். முதல் நாள் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தேன், கால் பெடலுக்கு எட்டவில்லை. இருக்கை அவர் கால் நீளத்துக்குத் தள்ளி வைத்தபடியே இருந்தது. அதை முன்னால் இழுக்க ஒரு நிமிடம் போதும். எனக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. கீழே இருக்கிற கம்பியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு இழுத்தேன்.

முதல் தேர்வில் தேறவில்லை. இரண்டாவதில் தேறினேன். இப்போது நன்றாகவே ஓட்டுகிறேன். குறிப்பேடு, உங்கள் 31 வயதுப் பக்கத்தைப் படித்தபோது இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

---

மழைக்காலம்

அம்மா, இரண்டு முறை படித்தேன். நன்றி.

---

முழங்கால்

நான் பிசியோதெரபிஸ்ட். அண்ணனின் பழமொழிக்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

வளையும். மெதுவாக வளையும். 1990இல் வெளியான ஒரு ஆய்வில் முதியோர் இல்லத்தில் இருந்த 86 முதல் 96 வயது வரையான பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடையின் முன்தசைக்கு எடைப் பயிற்சி கொடுத்தார்கள். முடித்த ஒன்பது பேரின் வலிமை சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதுத் தசையே பயிற்சிக்குப் பதில் சொல்கிறது என்றால் ஐம்பது வயதுத் தசை ஏன் சொல்லாது?

அதற்காக எதுவுமே மாறவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். இதயம் துடிக்கக்கூடிய உச்ச வேகம் வயதோடு குறையும். 208இலிருந்து வயதின் பத்தில் ஏழு பங்கைக் கழித்தால் தோராயமாக அது வரும். 50 வயதுக்கு 173. 30இல் அது 187. நுரையீரலும் இதயமும் சேர்ந்து உடலுக்குத் தரக்கூடிய உச்சபட்ச ஆக்ஸிஜன் அளவு, பயிற்சி இல்லாதவர்களுக்கு 30 வயதுக்கு மேல் பத்து வருடத்துக்குச் சுமார் 10 சதவீதம் குறைகிறது. தொடர்ந்து பயிற்சி செய்பவர்களுக்கு அந்தச் சரிவு குறைவு. பயிற்சிக்குப் பிறகு உடல் தேற எடுக்கும் நேரமும் கூடும். இருபது வயதில் அடுத்தடுத்த நாள் செய்ததை ஐம்பதில் ஒரு நாள் விட்டுச் செய்யுங்கள்.

மூளையைப் பற்றியும் ஒரு வார்த்தை. எல்லாத் திறனும் ஒரே வயதில் உச்சம் தொட்டு ஒரே வயதில் இறங்குவதில்லை. ஹார்ட்ஸ்ஹோர்ன், ஜெர்மைன் என்ற ஆய்வாளர்கள் 2015இல் காட்டியது: தகவலை வேகமாகக் கையாளும் திறன் 18, 19 வயதிலேயே உச்சத்துக்கு வந்துவிடுகிறது, சொல்வளம் அறுபதுகளின் கடைசி வரை ஏறிக்கொண்டே போகலாம். நாலாண்டு அக்காவின் மொழிப் படிப்பு நன்றாக அமைந்ததில் எனக்கு வியப்பே இல்லை.

குறிப்பேடு அண்ணா, ரத்த அழுத்தம், இதயக் கோளாறு, காதுப் பிரச்சினை ஏதாவது இருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். இல்லையென்றால் தாராளமாகப் போகலாம். நீச்சல் மூட்டுகளுக்கு இதமானது.

---

மேசைவிளக்கு

எனக்கு 71. அடிப்பதைப் பற்றிச் சொல்ல என்னிடம் கொஞ்சம் அனுபவம் இருக்கிறது.

34 வயதில் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் விட்டேன். குடும்பச் சூழல். விட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'தள்ளி வைத்திருக்கிறேன்' என்றுதான் சொல்வேன். குறிப்புகள் இரண்டு அட்டைப்பெட்டியில் இருந்தன. ஐந்து வீடு மாறினோம். ஐந்து முறையும் அந்தப் பெட்டிகள் வந்தன. ஒவ்வொரு வீட்டிலும் கட்டிலுக்கு அடியில் அவற்றுக்கென்று ஒரு இடம். திறந்ததில்லை. அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு சின்ன இறுக்கம் வரும். 26 வருடம் அந்த இறுக்கத்தோடு இருந்தேன்.

60ஆவது பிறந்தநாள் அன்று பெட்டிகளை வெளியே இழுத்தேன். காகிதம் மஞ்சள் பூத்து, கிளிப்புகள் துருவேறி அச்சு விழுந்திருந்தது. மதியம் முழுவதும் படித்தேன். நல்ல வேலைதான் செய்திருந்தேன். ஆனால் அந்தத் துறையே வேறு இடத்துக்குப் போய்விட்டிருந்தது, என் கேள்விகளுக்கு மற்றவர்கள் எப்போதோ பதில் எழுதிவிட்டார்கள். 'இதை முடிக்கப் போவதில்லை' என்று மனைவியிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பத்துப் பக்கம் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்தேன்.

கார்ஸ்டன் ராஷ் என்ற உளவியலாளரும் அவரோடு பணியாற்றியவர்களும் 2003இல் எழுதியது பின்னால் என் கண்ணில் பட்டது. எட்டாத இலக்கை விடத் தெரிந்தவர்களும், அதன் இடத்தில் வேறொன்றைப் பற்றிக்கொள்ளத் தெரிந்தவர்களும் மனநலத்தோடு இருக்கிறார்கள் என்பது சாரம். இரண்டாவது பாதியை விட்டுவிடக் கூடாது. பெட்டிகள் போன பிறகு ஒரு வருடம் எனக்கு வெறுமையாகத்தான் இருந்தது. பிறகு முதுகலை மாணவர்களின் ஆய்வேடுகளைப் படித்துத் திருத்திக் கொடுக்க ஆரம்பித்தேன். இப்போது அதுதான் என் காலை நேரம்.

பால் பால்டெஸ் என்ற முதுமையியல் அறிஞர் பியானோ கலைஞர் ஆர்தர் ரூபின்ஸ்டைனை உதாரணம் காட்டுவார். எண்பது வயதில் எப்படி இவ்வளவு நன்றாக வாசிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு ரூபின்ஸ்டைன் சொன்னவை மூன்று. வாசிக்கும் உருப்படிகளைக் குறைத்துக்கொண்டார். அவற்றை அதிகமாகப் பயிற்சி செய்தார். வேகமான பகுதி வருவதற்கு முன்னால் கொஞ்சம் நிதானித்தார், அதனால் வேகம் கூடுதலாகக் கேட்டது. உங்கள் பட்டியல் பதினான்கிலிருந்து இரண்டாகக் குறைந்ததை நான் இதோடு சேர்த்தே பார்க்கிறேன், குறிப்பேடு.

நீச்சலை அடிப்பதா என்று கேட்டீர்கள். என் பெட்டிகளை முழுவதும் திறந்து படித்த பிறகுதான் என்னால் விட முடிந்தது. நீங்கள் இன்னும் பெட்டியைத் திறக்கவே இல்லையே.

---

குறிப்பேடு

ஐயா, கடைசி வரியிலேயே நின்றுவிட்டேன். திறக்கவே இல்லை. உண்மை.

யோசித்துப் பார்த்தால், எனக்குத் தண்ணீர் பயம். ஒன்பது வயதில் ஒரு குளத்தில் காலை விட்டவன் படி வழுக்கி உள்ளே போனேன். யாரோ முடியைப் பிடித்துத் தூக்கினார்கள். சில நொடிதான் இருக்கும். 28 பக்கத்தில் எங்குமே அந்தப் பயத்தைப் பற்றி எழுதியதில்லை. 'கற்றுக்கொள்ள வேண்டும்' என்று மட்டும் எழுதியிருக்கிறேன்.

---

மிதவை

அப்படியென்றால் நீங்கள் எழுத வேண்டியிருந்த வரியே வேறு. நான் 46இல் கற்றேன், உங்களைப் போலவே பயந்தவள். இப்போது பெரியவர்களுக்கான தொடக்க வகுப்பில் பயிற்சியாளருக்கு உதவியாகப் போகிறேன். நீந்துவதைக் கொஞ்ச நாளைக்கு மறந்துவிடுங்கள். முதல் வாரத்தில் செய்ய வேண்டியது மூச்சு விடுவது மட்டும்தான்.

மார்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொள்ளுங்கள். வாயால் மூச்சை இழுத்து, முகத்தைத் தண்ணீரில் வைத்து, மூக்கு வழியாக மெதுவாகக் குமிழி விடுங்கள். பயந்தவர்கள் எல்லோரும் மூச்சை அடக்குவார்கள். அடக்க அடக்க உடம்பில் கரியமில வாயு சேர்ந்து, மூச்சு முட்டுகிற உணர்வு வந்து, பயம் இரட்டிப்பாகும். விட்டுக்கொண்டே இருந்தால் அது வராது.

அடுத்தது மிதப்பது. நுரையீரல் நிறையக் காற்று இருந்தால் பெரும்பாலானோரின் உடம்பு தண்ணீரைவிட லேசானது. தானாக மேலே வரும். பயத்தில் தலையைத் தூக்கினால் இடுப்பும் காலும் கீழே போகும், உடனே 'மூழ்குகிறேன்' என்று தோன்றும். காது தண்ணீருக்குள் போகிற வரை தலையைச் சாய்த்துப் படுக்க வேண்டும். அந்த ஒரு கணம்தான் கஷ்டம். எனக்கு அதற்கு ஆறு வகுப்பு ஆனது.

தனியாகப் போகாதீர்கள். பயிற்சியாளரிடம் ஒன்பது வயதில் நடந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

---

தூரப்பார்வை

மிதவை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். 'கற்றுக்கொள்ள வேண்டும்' என்பதற்குப் பதில் எந்த நாள், எத்தனை மணி, எந்த இடம் என்று எழுதுங்கள். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல வருடம் ஆராய்ந்தது இதைத்தான். 'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று குறிப்பாகத் தீர்மானித்தவர்கள் பொதுவாக விரும்பியவர்களைவிட அதிகம் செய்து முடிக்கிறார்கள். அவரே 2009இல் இன்னொன்றும் காட்டினார். நம் நோக்கத்தை அடுத்தவர் அறிந்துகொண்டார் என்றாலே பாதி முடித்த நிறைவு வந்துவிடுகிறது, உழைப்பு குறைகிறது. அதனால் இங்கே வாக்குறுதி எதுவும் கொடுக்க வேண்டாம். போய்விட்டு வந்து எழுதுங்கள்.

பழக்கம் ஆக எத்தனை நாள் என்று யாராவது 21 சொன்னால் நம்பாதீர்கள். பிலிப்பா லாலி குழுவின் ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. ஆளுக்கு ஆள் 18இலிருந்து 254 வரை மாறியது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு இல்லை.

---

கறார்

ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள் என்பதை மட்டும் திரும்பச் சொல்கிறேன்.

---

குறிப்பேடு

போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

வியாழக்கிழமை போனேன். வகுப்பில் நாங்கள் மூன்று பேர். ஒருவருக்கு 60க்கு மேல் இருக்கும், இன்னொரு பெண்ணுக்கு முப்பது. ஒன்பது வயதில் நடந்ததைப் பயிற்சியாளரிடம் சொன்னேன். தலையை ஆட்டிக்கொண்டு, 'இன்று விளிம்பை விட்டு நகர வேண்டாம்' என்றார். அதைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது.

முதல் முறை முகத்தை வைத்தபோது குமிழி விடவே இல்லை, மூச்சை இறுக்கி அடக்கிவிட்டேன். நான்காவது முறை விட்டேன். என் மூச்சு தண்ணீருக்குள் எனக்கே கேட்டது. குடுகுடுவென்று ஒரு சத்தம். அதைக் கேட்பதற்காகவே திரும்பத் திரும்ப வைத்தேன். விளிம்பைப் பிடித்திருந்த விரல் நுனிகள் வெளுத்துப் போயிருந்தன. கடைசியில் ஒரு கையை மட்டும் மூன்று நொடி எடுத்தேன். அவ்வளவுதான் நடந்தது. வீட்டுக்கு வரும் வழியில் கண் கலங்கியது, ஏன் என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

நேற்று ஞாயிறு. இரவு நோட்டை எடுத்தேன். 50 வயதுப் பக்கத்தில் 'செவ்வாய், வியாழன் காலை 6:15' என்று எழுதினேன். கீழே மகள் பெயரும் 'சனிக்கிழமை நடை' என்பதும். வேறு எதுவும் எழுதவில்லை.

பிறகு முன்னால் புரட்டி, முதல் 28 பக்கத்தில் நடந்து முடிந்தவற்றை எல்லாம் தேடி, பக்கத்தில் வருடத்தைக் குறித்தேன். 43 இருந்தன. நான் நினைத்திருந்தது பத்துக்குள். 32 வயதுப் பக்கத்தில் மேலே கொஞ்சம் இடம் இருந்தது. ஒன்பது இலக்குகளுக்கு முன்னால், இன்றைய மையில், 'அப்பா வீட்டுக்கு வந்தார்' என்று எழுதினேன்.

மழைக்காலம் தம்பி, உங்கள் பட்டியலில் முடிந்த அந்த மூன்று என்னென்ன? நேரம் கிடைத்தால் எழுதுங்கள், தெரிந்துகொள்ள ஆசை.

மிதவை, ஒரு சந்தேகம். வியாழன் மாலை வரை வலது காதில் தண்ணீர் அடைத்த மாதிரியே இருந்தது. அப்படி இருந்தால் என்ன செய்வது?

---

மழைக்காலம்

தங்கையின் படிப்புச் செலவு முழுவதையும் ஏற்றது. புகையை விட்டது. அம்மாவின் கண் அறுவை சிகிச்சை. 'மூன்றுதானே' என்று இத்தனை நாள் சொல்லிக்கொண்டிருந்தேன் அண்ணா. எழுதிப் பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது.

---

மிதவை

தலையை வலது பக்கம் சாய்த்து, காது மடலை மெல்லப் பின்னால் இழுத்துவிடுங்கள், வடிந்துவிடும். பஞ்சுக் குச்சியை உள்ளே விட வேண்டாம். வலியோ கசிவோ இருந்தால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செவ்வாய்க்கிழமை இரண்டு கையையும் எடுத்துப் பாருங்கள். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்போது.